புலிவரி

ஆகஸ்ட் மாதத்து மழைநாள் ஒன்றில் என் அக்கா மகன் போலாரம் வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிளின் பின்னால், கோணியில் சுற்றி, இரண்டு மரக்கட்டைகள். இரண்டும் அமெரிக்க மேப்பிள். ஒன்று கோதுமை மாவு நிறத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத வெறும் மரம். இன்னொன்றில் புலியின் விலாவில் இருப்பதுபோலக் குறுக்கே வரி வரியாக ஓடியது. ஜன்னலோரம் வைத்துச் சற்றுச் சாய்த்தான். வரிகள் நகர்ந்தன. கருப்பாக இருந்தது வெளுத்தது, வெளுத்தது கருத்தது.

“மாமா, எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கழுத்து செய்யப்போறேன். எதைப் போடலாம்? வரி போட்டது நல்லா சத்தம் கொடுக்கும்னு பாதிப் பேர் சொல்றாங்க. வரி போட்டது வளைஞ்சுடும்னு மீதிப் பேர் சொல்றாங்க.”

செகந்தராபாத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் போலாரம் பழைய பட்டாளத்து ஊர். குடியரசுத் தலைவர் தெற்கே வந்தால் தங்கும் ராஷ்டிரபதி நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1860-இல் கட்டிய கட்டடம். தலைவர்கள் வழக்கமாகக் குளிர்காலத்தில் வருவார்கள். புத்திசாலித்தனம்தான். எங்கள் மே மாதத்தை மரம்கூடத் தாங்காது. அந்த மே மாதத்தை அன்றைக்கு நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். பேச்செல்லாம் வரியைப் பற்றியே ஓடியது.

வரி என்பது என்ன? மரத்தில் யாரோ தீட்டிய நிறம் அல்ல. வரிக்கட்டையின் ஓரத்தில் மிஞ்சிய ஒரு துண்டை எடுத்து, தலைப்பக்கம் உளியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். வெறும் மேப்பிளாக இருந்தால் வழுவழுவென்று நேராகப் பிளந்திருக்கும். இது பிளந்த முகம் கூரைக்குப் போடும் சிமென்ட் ஷீட்டைப்போல மேடும் பள்ளமுமாக இருந்தது. விரலை ஓட்டினால் ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கியது. வளரும்போது அந்த மரத்தின் நார் நேராக ஏறவில்லை. நெளிந்து நெளிந்து ஏறியிருக்கிறது. அந்த நெளிவைப் பலகையாக அறுத்து இழைத்துச் சமப்படுத்தும்போது, சில இடங்களில் ரம்பம் நாரைப் படுக்கைவாக்கில் சீவுகிறது. சில இடங்களில் நாரின் நுனியைக் குறுக்கே வெட்டுகிறது.

மரநார் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய குழாய். படுத்திருக்கும் குழாயின் பக்கச் சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி வருகிறது. வாயைத் திறந்து நிற்கும் குழாய்க்குள் போன வெளிச்சம் உள்ளேயே அலைந்து செத்துப்போகிறது. முதலாவது வெள்ளை வரி, இரண்டாவது கருப்பு வரி. சாய்த்துப் பிடித்தால் எந்தக் குழாய் உங்கள் கண்ணுக்கு வெளிச்சத்தைத் திருப்புகிறது என்பது மாறிவிடும், வரியும் நகர்ந்துவிடும். நவரத்தினத்தில் வைடூரியத்துக்குள் ஒரு கோடு பூனைக்கண்போல அசைவதும் இதே கணக்குதான். அங்கே நாருக்குப் பதில் ஊசி ஊசியான நுண்குழல்கள். ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறமாக நெய்த பட்டுப்புடவை நடக்க நடக்க நிறம் மாறுவதும் இதன் ஒன்றுவிட்ட உறவு.

கணினியில் நிஜம்போல மரத்தை வரைய முயன்றவர்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. வழவழப்பான பரப்புக்கு எழுதிய ஒளிக்கணக்கு மரத்துக்குப் பொருந்தவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் மார்ஷ்னரும் அவருடைய கூட்டாளிகளும் 2005-இல் அதற்கு விடை சொன்னார்கள். மரத்தின் மினுமினுப்பு மேற்பரப்பில் இல்லை. வார்னிஷுக்குக் கீழே புதைந்திருக்கும் நார்களிலிருந்து வருகிறது. அது நாரின் திசையை அச்சாகக் கொண்டு ஒரு கூம்பாக விரிகிறது. பாலிஷ் போட்டதும் வரி ‘எழுந்து நிற்கிறது’ என்று தச்சர்கள் சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. பாலிஷ் மேற்பரப்பின் சொரசொரப்பை நிரப்பி, உள்ளே இருக்கும் கூம்புகளுக்கு ஜன்னலைத் துடைத்துக் கொடுக்கிறது.

ஆக, புலிவரிக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கும்போது நாம் வாங்குவது நாரின் கோணல். கண்ணுக்கு அது அழகு. கட்டுமானக்காரனுக்கு அது குறை. கூரை உத்திரத்துக்கு நெளிநார் மரத்தை எந்த ஆசாரியும் தேர்ந்தெடுக்கமாட்டார். கிட்டாரின் கழுத்தும் ஒருவகையில் உத்திரம்தானே?

கழுத்து சுமக்கும் பாரத்தைப் பார்ப்போம். பத்து நம்பர் கம்பி என்று கடைகளில் கேட்டு வாங்கும் சாதாரண ஆறு கம்பிகளைச் சுருதி கூட்டி முறுக்கினால், எல்லாம் சேர்ந்து சுமார் 47 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இருபத்துநாலு மணிநேரமும் அந்தக் குச்சியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் தடிமனோ சுமார் 20 மில்லிமீட்டர். கம்பிகள் முன்பக்கத்தில் ஓடுவதால் கழுத்து முன்னோக்கி வில்லாக வளையப் பார்க்கும். கம்பிக்கும் ஃப்ரெட் எனப்படும் உலோக மெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு மாறினாலே வாசிப்பவன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் மேப்பிளை மிகவும் நம்பினார். 1950-இல் அவர் வெளியிட்ட முதல் எஸ்குயர் கிட்டார்களின் கழுத்துக்குள் இரும்பே இல்லை. இவ்வளவு கெட்டியான மரத்துக்கு எதற்கு என்று நினைத்தார். கழுத்துகள் வளைந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பின்பக்கம் பள்ளம் தோண்டி இரும்புக் கம்பியைப் பதித்து, பள்ளத்தை வால்நட் பட்டையால் மூடவேண்டி வந்தது. ட்ரஸ் ராடு எனப்படும் அந்தக் கம்பி புதிதல்ல. கிப்ஸன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹ்யூ 1923-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மேப்பிளின் கெட்டித்தனம்மீது ஃபெண்டருக்கு இருந்த நம்பிக்கை வெறும் மேப்பிளிடமே தோற்றது என்பதை நினைவில் வையுங்கள். வரி அந்தக் கதையில் வரவே இல்லை.

சரி, வரி எவ்வளவு பலவீனம்? இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வாய்ச்சண்டை ஓயும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நார் நடுக்கோட்டைவிட்டு இருபக்கமும் 0.3 மில்லிமீட்டர் விலகுகிறது. தலைமுடியை மூன்று நான்காக அடுக்கிய அளவுதான். ஆனாலும் அலையின் மிகச் சரிவான இடத்தில் நார் ஏறக்குறைய 5-க்கு 1 என்ற சாய்வில் ஓடும். அமெரிக்க வனத்துறையின் மரப் பொறியியல் கையேட்டின்படி, நார் முழுக்க 10-க்கு 1 சாய்ந்தால் மரத்தின் வளைவுமுறிவு வலிமை 81 சதவீதமாகக் குறையும். 5-க்கு 1 என்றால் 55 சதவீதம். வரிக்கட்சிக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் எண்.

ஆனால் கிட்டார் கழுத்து ஒடிவதைப் பற்றியதல்ல நம் கவலை. ஒடியும் அளவுக்கு அதில் யாரும் பாரம் ஏற்றுவதில்லை. விறைப்புதான் கவலை. விறைப்பைப் பொறுத்தவரை அலை முழுவதும் அதே சரிவில் இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் நார் நேராகத்தான் ஓடுகிறது. முழு அலைக்கும் சராசரி எடுத்தால், என் கணக்கில், விறைப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

பத்தில் ஒரு பங்கு பெரிதா சிறிதா? இரண்டு விதமாக அளக்கலாம். முதலாவது: வரியே இல்லாத, கணுவே இல்லாத, ஒரே இனத்து மரங்களை வரிசையாகச் சோதித்தாலும் விறைப்பு மரத்துக்கு மரம் மாறும்; அந்தச் சிதறலின் வழக்கமான அளவு 22 சதவீதம் என்கிறது அதே கையேடு. அதாவது கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வெறும் மேப்பிள் கட்டைகளை எடுத்தால், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் வரியால் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்க நிறைய வாய்ப்பு. இரண்டாவது: விறைப்பு தடிமனின் கனத்தோடு, அதாவது மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. 20 மில்லிமீட்டர் கழுத்தை 20.7 ஆக்கினால் இழந்த பத்தில் ஒரு பங்கும் திரும்பி வந்துவிடும். உங்கள் பர்ஸிலிருந்து ஏடிஎம் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். வரியால் வளையும் என்ற பயத்தின் மொத்தப் பரிமாணம் அவ்வளவுதான்.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவன் முகம் விழுந்தது. ஒரு கட்சி ஜெயிக்கும் என்று எதிர்பார்த்திருந்தான்.

வரியின் உண்மையான தொல்லை எங்கே இருக்கிறது என்று அடுத்த வாரம் தெரிந்தது. கட்டைகளை இழைக்க பஜாருக்குப் பக்கத்தில் மரவேலை செய்யும் ஒரு பாயிடம் போனோம். வெறும் மேப்பிளில் அவர் ரந்தாவை ஓட்டியபோது சீவல் ரிப்பன்போல ஒரே நீளமாகச் சுருண்டு விழுந்தது. (இழைப்புளிக்கு எங்கள் ஊரில் ரந்தா என்றுதான் பெயர், தமிழ் ஆசாரி வந்தாலும் இரண்டாம் நாள் அப்படித்தான் சொல்வார்.) அடுத்து வரிக்கட்டை. முதல் தள்ளிலேயே சத்தம் மாறியது. சீவல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சிராய்ப்பு. பாய் ரந்தாவைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளினார். முன்பு நன்றாக வந்த இடம் இப்போது பிய்ந்தது.

“இதுக்கு ஒரு பக்கம்னு இல்ல சாப். இங்க ஏறுது, அங்க இறங்குது,” என்றார். பூனையின் முதுகை வால்பக்கமாகத் தடவலாம். தலைப்பக்கமாகத் தடவினால் முடி சிலிர்க்கும். நெளிநாரில் ஒவ்வொரு அலையிலும் பாதி வால்பக்கம், பாதி தலைப்பக்கம். கத்தியைத் தீட்டி, அலகை மிக மெல்லியதாக நீட்டி, கடைசியில் ரந்தாவையே மூலையில் வைத்துவிட்டு இரும்புத் தகட்டால் சுரண்டித்தான் முடித்தார். வெறும் கட்டைக்கு அரைமணி, வரிக்கட்டைக்கு ஒரு மதியம். புலிவரிக் கிட்டார் விலை ஏறுவதில் இந்த மதியத்துக்கும் பங்கு உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

சத்தத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். எலெக்ட்ரிக் கிட்டாரில் காந்தப் பிக்கப் பார்ப்பது கம்பியின் ஆட்டத்தை மட்டுமே. அதன் கண்ணுக்கு மரம் தெரியாது. ஆனால் கம்பியின் ஒரு முனை கழுத்தில் நிற்கிறது. கழுத்து எந்த அதிர்வெண்ணில் தானாக ஆட விரும்புகிறதோ, அந்த அதிர்வெண்ணில் ஒரு சுரத்தை வாசித்தால், கம்பியின் ஆற்றலைக் கழுத்து விழுங்கிவிடும். சுரம் பொசுக்கென்று அணைந்துபோகும். செத்த இடம் என்பார்கள். பேஸ் கிட்டார்களில் ஜி கம்பியின் 5 முதல் 7 வரையிலான ஃப்ரெட் பக்கம் இதற்குப் பேர்போனது. 1990-களின் இறுதியில் ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ட்ஸ்விக்கரும் கழுத்தின் அசைவை ஃப்ரெட் ஃப்ரெட்டாக அளந்து இதை நிறுவினார்கள். கழுத்துக்கும் ஒலிக்கும் உறவு இருக்கிறது. அந்த உறவை முடிவு செய்பவை எடை, விறைப்பு, நீளம், தலைப்பாகத்தின் கனம். தலையில் ஒரு கவ்வியை மாட்டினாலே செத்த இடம் நகரும். விறைப்பில் நெளிநார் செய்யும் மாற்றத்தை மேலே பார்த்தோம்.

கண்ணைக் கட்டினால் என்ன ஆகும் என்றும் சோதித்திருக்கிறார்கள். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பலகை, பக்கப்பலகைகளின் மரம் மட்டும் வேறாக இருக்கும் ஆறு அகூஸ்டிக் கிட்டார்களைச் செய்வித்து, 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கிய வெளிச்சத்தில். அரிய பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரத்துக்கும் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. மரப்பெட்டியே ஒலியை உண்டாக்கும் கருவியில் இந்த நிலை என்றால், மின்கிட்டாரின் கழுத்தில் ஓடும் வரியைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்பவரிடம் நான் பந்தயம் கட்டத் தயார்.

இத்தனைக்குப் பிறகும் வரிக்கு விலை உண்டு. அந்த விலையை மேப்பிளை வைத்துப் பேசுவதைவிட, போலாரத்திலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் மரத்தை வைத்துப் பேசுவது நமக்கு நெருக்கம். செம்மரம். உலகத்தில் தானாக வளரும் இடம் ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளும், அதை ஒட்டிய தமிழகத்தின் சில துண்டுகளும்தான். சாயத்துக்கும் மருந்துக்கும் பொம்மைக்கும் போனது ஒருபக்கம். சீனத்தில் அரச மரச்சாமான் மரமாகப் போனது ஒருபக்கம். ஜப்பானியருக்கு அது கழுத்து.

ஷாமிசென் என்ற மூன்று கம்பி வாத்தியத்தின் நீண்ட கழுத்துக்கு அவர்கள் உச்சியில் வைத்திருக்கும் மரம் நம் செம்மரம்; கோகி என்று பெயர். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம், பித்தளைபோல வழவழப்பு. கழுத்தில் ஃப்ரெட் கிடையாது. விரலும் கம்பியும் நேராக மரத்தின்மேலேயே தேய்வதால் கெட்டி மரம் கட்டாயம். இதுவரை எல்லாம் காரியம். ஆனால் கோகியிலும் ஒரு மேல்சாதி உண்டு. பாலிஷ் போட்டால் குறுக்கே சிற்றலை ஓடவேண்டும். தோச்சி என்கிறார்கள் அதை. அலை உள்ள கழுத்துக்கும் இல்லாத கழுத்துக்கும் விலையில் பெரிய ஏணி. எங்கள் பக்கத்து மரத்தை வைத்துக்கொண்டு, இதே ‘வரியா வெறுமையா’ கேள்வியை அவர்கள் கேட்டு முடித்துவிட்டார்கள்.

அந்த அலை இங்கே மலைவரைக்கும் வந்து அடித்தது. நேர்நார் கட்டைக்கு ஒரு விலை, அலைநார் கட்டைக்குப் பல மடங்கு விலை என்று வெளிநாட்டுச் சந்தை தரம் பிரித்தது. 1995 முதல் செம்மரம் சர்வதேச அரிய உயிரின வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து வெட்டி ஏற்றுமதி செய்யத் தடை. தடை இருந்தும் வெட்டு நிற்கவில்லை. வெட்டுக்கூலிக்கு ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டு ஆட்கள். அவர்கள் ஷாமிசென் என்ற சொல்லைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கட்டையைப் பிளக்காமல் உள்ளே அலை ஓடுகிறதா என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. மரம் விழுந்த பிறகுதான் அது தெரியும்.

செப்டம்பரில் இரண்டு கழுத்துகளும் தயாராயின. அக்கா மகன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனமில்லாமல் இரண்டையும் செய்துவிட்டான். வரிக்கழுத்தை மட்டும் ஓர் ஏடிஎம் அட்டை கனம் கூடுதலாக விட்டான். அதிலும் ஒரு வேடிக்கை. அலை மிக நன்றாகத் தெரிவது மரத்தின் நடுவிலிருந்து ஆரமாக அறுத்த முகத்தில்தான். கழுத்தின் பின்பக்கம் வரி நன்றாகத் தெரியவேண்டும் என்றால் கட்டையை அந்தவாக்கில் அறுக்கவேண்டும். பச்சை மேப்பிள் முற்றிலும் காயும்போது வளையத்தின் போக்கில் 9.9 சதவீதம் சுருங்கும். ஆரத்தின் போக்கில் 4.8 சதவீதம் மட்டுமே. அழகுக்காக அறுத்தவன், தெரியாமலே, அகலத்தில் பாதிச் சுருக்கமுள்ள கட்டையை வாங்கிவிடுகிறான். ‘என் வரிக்கழுத்து வருஷக்கணக்காக அசையவில்லை’ என்று யாராவது சத்தியம் செய்தால் நம்புங்கள். பெருமை வரிக்கல்ல, அறுத்த வாக்குக்கு.

இரண்டின்மேலும் ஒரே ஈட்டி மரத்தில் செய்த விரற்பலகை ஒட்டி, உலோக ஃப்ரெட்டுகளை அடித்து, முனைகளை மரத்தோடு சமமாகத் தேய்த்தோம். ஈட்டிப் பலகைக்கு வார்னிஷ் கிடையாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் நெடுநாள் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் நீரை வைத்திருக்கும்.

ஈரம் ஏறிய மரத்தில் ஃப்ரெட்டை அடிக்கும் இந்தத் தப்பைத் தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் செய்யமாட்டார்கள். அவர்கள் பலாமரத்தைப் பல மாதம் காயப்போட்டு வைப்பார்கள். அதைவிட, வீணையின் 24 மெட்டுகளையும் மரத்தில் அடிப்பதே இல்லை. தண்டியின் இருபக்கமும் கரி கலந்த தேன்மெழுகு கட்டி, அதில் பதிக்கிறார்கள். காலப்போக்கில் மெழுகு இளகினாலோ மரம் அசைந்தாலோ, மெட்டுகளை எடுத்துவிட்டு மறுபடி பதித்து ‘மேளம்’ கட்டுவார்கள். மரம் அசையும் என்பதை ஒப்புக்கொண்டு செய்த வாத்தியம் அது. கிட்டார் அப்படி இல்லை.

மே மாதம் வந்தது. பிற்பகலில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் காற்றில் மரம் சுமார் 6 சதவீதம் நீரோடு நின்றுவிடும். ஈட்டிக்கு வளையப்போக்கில் முழுச் சுருக்கம் 5.8 சதவீதம், இந்த எட்டு சதவீத ஈரம் போனால் 50 மில்லிமீட்டர் அகலப் பலகை 0.8 மில்லிமீட்டர் ஒடுங்கும். மறுபடியும் அதே ஏடிஎம் அட்டை. பலகை ஒடுங்கியது, ஃப்ரெட் ஒடுங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாசித்துக்கொண்டிருந்தவன் கையை உதறினான். ஆள்காட்டி விரலின் பக்கத்தில் மெல்லிய ரத்தக் கோடு. கழுத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். 22 ஃப்ரெட்டுகளும் ரம்பப் பல்லாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது வரிக்கழுத்து. சுவரில் மாட்டியிருந்த இன்னொன்றை எடுத்து அதையும் தடவினேன்.

“அதுவும் கீறுதா மாமா?”

“கீறுது,” என்றேன். அவன் எழுந்து போய் அரத்தை எடுத்துவந்தான்.